தீர்ப்பு வந்ததே எங்களுக்குத் தெரியவில்லை. நகல் பெறுவது எப்படி?

கேள்வி: நெல்லைக்காரர்
2021-இல் என் அண்ணனை அரிவாளால் வெட்டிய வழக்கு, இந்திய தண்டனைச் சட்டம் 326-ஆம் பிரிவின்கீழ் (ஆயுதத்தால் கொடுங்காயம் விளைவித்தல்) நடுவர் நீதிமன்றத்தில் நடந்துவந்தது. அண்ணன் சாட்சி சொன்ன பிறகு யாரும் எங்களுக்கு எதுவும் தெரிவிக்கவில்லை. எதிரிக்கு இரண்டாண்டுச் சிறை என்று ஊரில் சொல்கிறார்கள். அவரோ கடைத்தெருவில் நடமாடுகிறார். காவல் நிலையத்தில் கேட்டால் "கோர்ட்டில் போய்க் கேளுங்கள்" என்கிறார்கள். பாதிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பை அறியும் உரிமை இல்லையா?

பதில்: வழக்குரைஞர், மதுரை
உரிமை உண்டு; ஆனால் கேட்டுத்தான் பெறவேண்டும். உங்கள் வழக்குக்குப் பொருந்தும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 363-ஆம் பிரிவுப்படி, சிறைத்தண்டனை பெற்ற எதிரிக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். தீர்ப்பால் பாதிக்கப்படும் மற்றவரோ நகல் மனுப் போட்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். வெட்டுப்பட்டவர் வரிசையில் நிற்க, வெட்டியவர் கைக்கு நகல் தானாகப் போய்ச்சேரும் ஏற்பாடு இது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15-ஏ பிரிவு, நீதிமன்ற நடவடிக்கைகளைப் பாதிக்கப்பட்டவருக்கு உரிய காலத்தில் தெரிவிக்கச் சொல்கிறது. பிற வழக்குகளுக்கும் அப்படித் தெளிவான விதி வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இ-கோர்ட்ஸ் தளத்தில் காவல் நிலையத்தின் பெயரையும் முதல் தகவல் அறிக்கை எண்ணையும் இட்டுத் தேடுங்கள். அதில் கிடைக்கும் சி.சி. எண்ணை (நீதிமன்ற வழக்கு எண்) குறிப்பிட்டு, சான்றிட்ட நகலுக்கு அண்ணன் பெயரிலேயே மனுப் போடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர்
எதிரி வெளியே இருப்பதில் வியப்பில்லை. ஏற்கெனவே பிணையில் இருப்பவருக்கு மூன்றாண்டுக்கு மேற்படாத சிறை விதிக்கப்பட்டு, அவர் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொன்னால், தண்டனை விதித்த நீதிமன்றமே அதற்குரிய காலம்வரை பிணையில் விடலாம். தண்டனை ரத்தாகிவிட்டது என்று பொருளில்லை. எத்தனை ஆண்டு என்பதைவிட எந்தப் பிரிவில் தண்டனை என்று பாருங்கள்.

நெல்லைக்காரர்
பார்த்துவிட்டேன், ஐயா. 326-இலிருந்து விடுவித்து, அதைவிடச் சிறிய குற்றமான 324-இன்கீழ் (ஆயுதத்தால் காயம் விளைவித்தல்) தண்டித்திருக்கிறார்கள்.

பதில்: வழக்குரைஞர், மதுரை
அப்படியானால் வழி இருக்கிறது. தண்டனை குறைவு என்பதற்காக மட்டும் பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் கூறியுள்ளது. அந்த மேல்முறையீட்டை அரசுதான் செய்யவேண்டும். ஆனால் விடுதலை, சிறிய குற்றத்தின்கீழ்த் தண்டனை, போதாத இழப்பீடு ஆகியவற்றை எதிர்த்து அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவின்படி பாதிக்கப்பட்டவரே மேல்முறையீட்டுக்குப் போகலாம். உங்களுடையது இரண்டாவது வகை. மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். நகல் மனுவைத் தாமதமின்றிப் போடுங்கள். நகல் தயாராக எடுக்கும் நாட்கள் காலவரம்பில் கழிக்கப்படும், மனுப் போடாமல் கடத்திய நாட்கள் கழிக்கப்படமாட்டா. வழக்குரைஞர் வைக்க வசதியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.