ஓடையில் அசிட்டேட் விட்டும் டிஓசி (கரைந்த கரிமக் கார்பன்) குறையவில்லை, எங்கே தப்பு?

பாசிப்பச்சை:
தாம்பரத்துக்கு மேற்கே அடையாற்றில் சேரும் ஒரு சிற்றோடை. 120 மீ நீளத்தில் சோதனை. அகலம் 2 மீ, ஆழம் 10 செ.மீ., ஓட்டம் நொடிக்கு 20 லிட்டர். சோடியம் அசிட்டேட் ட்ரைஹைட்ரேட் மணிக்கு 100 கிராம், கூடவே தண்ணீர் நீர்ப்பதைக் கணக்கிட உயிர்கள் எடுக்காத கல் உப்பு, பெரிஸ்டால்டிக் பம்பில் (குழாயைப் பிழிந்து சீராகத் தள்ளுவது) 3 மணி நேரம். ஈசி (மின்கடத்துத்திறன்) ஒரே அளவில் நின்றபின் ஆறு இடங்களில் சாம்பிள். கரைந்த கரிமக் கார்பன் மேல்முனையில் 9.1, கீழ்முனையில் 9.2 மி.கி./லி. அசிட்டேட்டால் 1.4 மி.கி. ஏறியிருக்க வேண்டும் என்று கணக்கு. இந்த ஓடை கார்பனை எடுப்பதில்லை என்று எழுதலாமா?

கல்லுப்பு:
எழுதாதீங்க. முதல் தப்பு 1.4-லேயே இருக்கு. 100 கிராமையும் கார்பன் என்று எடுத்துட்டீங்க. ட்ரைஹைட்ரேட்டின் மூலக்கூறு எடை 136, அதில் கார்பன் 24. அதாவது 17.6 சதவீதம்தான். மணிக்கு 72,000 லிட்டர் ஓடும் தண்ணீரில் உங்கள் உண்மையான ஏற்றம் 0.25 மி.கி./லி. 9 மி.கி. பின்னணியில் அது கருவியின் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே மறைஞ்சிடும்.

சரி, 0.5 ஏத்தணும்னா மணிக்கு 36 கிராம் கார்பன், அதாவது சுமார் 204 கிராம் ட்ரைஹைட்ரேட். நீரற்ற அசிட்டேட் வாங்கினால் 123 கிராம் போதும் (அதில் 29 சதவீதம் கார்பன்). பாட்டில் லேபிளைப் பார்த்துட்டு எடை போடுங்க, இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

ஆனா 0.5-ம் தீர்வில்லை. திசைவேகம் 0.1 மீ/நொடி. உறிஞ்சல் வேகம் (ஓடைப்படுகை தண்ணீரிலிருந்து அசிட்டேட்டை இழுக்கும் வேகம்) நிமிடத்துக்கு 1 மி.மீ. என்று வைத்தால் உறிஞ்சல் நீளம் (உறிஞ்சப்படுமுன் அது சராசரியாகப் போகும் தூரம்) 600 மீ. 120 மீட்டரில் குறைவது 18 சதவீதம், அதாவது 0.09 மி.கி. மொத்த டிஓசியில் இது தெரியவே தெரியாது. அசிட்டேட்டையே அயான் குரோமட்டோகிராஃபியில் (அயனிகளைத் தனித்தனியே பிரித்து அளக்கும் முறை) அளங்க. அங்கே பின்னணி கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு எச்சரிக்கை: வரைபடத்தில் அசிட்டேட் உச்சி ஃப்ளோரைடு பக்கத்திலேயே வரும், பிரிக்கும் குழாய்கள் (column) பலவற்றில் ஒட்டிக்கும். எல்யூவன்ட்டை (அந்தக் குழாய்வழி ஓட்டும் கரைசலை) முன்கூட்டியே சோதிச்சுப் பாருங்க.

வடிதாள்:
கல்லுப்பு சொன்னதோடு சாம்பிள் பக்கமும் பாருங்க. கண்ணாடி இழை ஃபில்டரை 450 டிகிரியில் 4 மணி நேரம் சுட்டு எடுக்கணும். சுடாத ஃபில்டரே கார்பனைக் கசியவிடும். முதல் 30 மி.லி.யைக் கொட்டிட்டுப் பிடிங்க. அசிட்டேட் குப்பியை மட்டும் ஓடைக்கரையிலேயே 0.2 மைக்ரானில் வடிகட்டி உடனே ஐஸ் பெட்டியில் போடணும். நம்ம ஊர் வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் பாக்டீரியா அதைத் தின்றுவிடும். அந்தக் குப்பியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடாதீங்க, குளோரைடு உச்சி குரோமட்டோகிராமை அடைத்துவிடும். டிஓசி குப்பிக்கு மட்டும் அமிலம், பிஎச் 2-க்குக் கீழே. பிறகு வாயு ஓட்டி பைகார்பனேட்டை வெளியேற்றணும். சென்னைத் தண்ணீரில் அந்தப் படியை விட்டால் வரும் எண் கனிமக் கார்பனுடையது.

கல் உப்புக்கு: 20 மி.கி./லி. ஏத்தினால் ஈசி சுமார் 40 மைக்ரோசீமன்ஸ் கூடும். மணிக்கு 1.44 கிலோ. பம்ப் நிமிடத்துக்கு 100 மி.லி. தள்ளினால் லிட்டருக்கு 240 கிராம் கரைசல், இது கரையும் அளவுக்குள்தான். முதல் நாள் இரவே கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்க, இல்லைன்னா கல் உப்பில் உள்ள மண் பம்ப் குழாயை அடைக்கும்.

கழிவுநீர் கலக்கும் ஓடைகளில் காலைக் குளியல் நேரத்தில் ஈசியும் டிஓசியும் தானாகவே ஏறும். விடும் இடத்துக்கு மேலே ஒரு ஈசி பதிவுக் கருவி ஓடட்டும். அதைக் கழித்தபின் அசிட்டேட்/குளோரைடு விகிதத்தின் இயற்கை மடக்கையைத் தூரத்துக்கு எதிரே வரைங்க. சரிவின் தலைகீழிதான் (கழித்தல் குறியை விட்டுவிட்டு) உறிஞ்சல் நீளம். நேரடி டிஓசி எண்ணை வரையாதீங்க, பக்கத்திலிருந்து ஊறிச் சேரும் தண்ணீர் அதை நீர்க்கச் செய்துவிடும்.

பாசிப்பச்சை:
நன்றி சார். அப்படி வரும் உறிஞ்சல் வேகத்தை ஓடையில் ஏற்கெனவே இருக்கும் 9 மி.கி.யால் பெருக்கி, ஒரு நாளில் எவ்வளவு கார்பன் போகிறது என்று சொல்லலாமா?

பழுத்தஇலை:
கூடாது. இங்கேதான் பலரும் விழுகிறார்கள். அசிட்டேட் சர்க்கரை மிட்டாய், அந்த 9 மி.கி.யில் பெரும்பகுதி ஏற்கெனவே மென்று துப்பிய சக்கை. ஒரே வேகத்தை இரண்டுக்கும் போட்டால் பல மடங்கு பிசகும். அசிட்டேட்டுக்குக் கிடைத்த வேகத்தை அசிட்டேட்டின் பின்னணி அளவால் மட்டுமே பெருக்குங்க.

மொத்தக் கார்பனுக்குக் கிட்டத்தில் வர வேண்டுமானால் உலர்ந்த புங்க இலையை லிட்டருக்கு 10 கிராம் வீதம் குளிர்பெட்டியில் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்க. அந்தச் சாற்றை ஓடைக் கற்களோடு இருட்டில் வைத்து முதல் நாள் பல முறை, பிறகு 28 நாள் வரை அளங்க. முதலில் சர்க்கரையும் சிறு அமிலங்களும் போகும், பிறகு பாலிஃபீனால் மிச்சம் நிற்கும். 254 நானோமீட்டர் புறஊதா ஒளியின் உட்கிரகிப்பை டிஓசியால் வகுத்தால் அந்த எண் ஏறுவதைப் பார்க்கலாம்.

கட்டுப்பாடும் வேணும், இரும்புப் படிவும் களிமண்ணும் உயிரே இல்லாமல் கார்பனைப் பிடித்துக்கொள்ளும். உயிரைக் கொல்ல வண்டலை ஆட்டோகிளேவ் செய்தால் (அழுத்த நீராவியில் சூடாக்கினால்) அதுவே டிஓசியைக் கக்கும். அதற்குப் பதில் சோடியம் அசைடு என்ற நஞ்சு போடுகிறவர்கள் அந்தக் குப்பியில் அமிலம் விடவே கூடாது, நச்சு வாயு எழும்.

இன்னொன்று, கரைந்த ஆக்சிஜனை விட்டுவிடாதீங்க. அடிவண்டல் கறுத்து நாறினால் அங்கே அசிட்டேட்டை எடுப்பவை ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்களான சல்ஃபேட் ஒடுக்கிகளும் மீத்தேன் உண்டாக்கிகளும். உறிஞ்சல் நீளம் குட்டையாகத்தான் வரும். அதை வைத்து ஓடை நலமாக இருக்கிறது என்று எழுதிவிடாதீங்க.

கல்லுப்பு:
விடுமுன் அனுமதியும் வாங்கிடுங்க. உப்பு மூட்டையும் பம்பும் பார்த்தா ஊர்க்காரங்க கேள்வி கேப்பாங்க, அது நியாயமும்கூட.