மேக்னெட்டோ எஞ்சினுக்குப் பிளக் ஒயர் நாமே செய்ய முடியுமா?

ஒடுகத்தூர் விவசாயி:
அணைக்கட்டு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலக்கடலை உண்டு. கிணற்றில் கரண்ட் மோட்டார் இருந்தாலும் கீழ்க்காட்டுக்கு இறைக்க அப்பா காலத்து வில்லியர்ஸ் எஞ்சின்தான். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவது. பேட்டரி கிடையாது, ஃப்ளைவீலில் உள்ள காந்தம் சுழன்று பொறிக்குக் கரண்ட் தரும் மேக்னெட்டோ. ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் ஒயர் வெடித்துப் போய், கை பட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தது. பனி பெய்த காலையில் கிளம்பவே கிளம்பாது. டவுனில் ஒரு கடையில் கேட்டதற்கு கார் பிளக் ஒயர் ஒன்றை வெட்டிக் கொடுத்தார்கள். அதை மாட்டியபின் நிலைமை இன்னும் மோசம். பிளக்கைக் கழற்றி ஹெட்டில் வைத்துக் கயிறு இழுத்தால் ஒரு தடவை பொறி வருகிறது, அடுத்த தடவை வருவதில்லை. பிளக் புதுசு. பொறிக்கு வோல்டேஜை ஏற்றித் தரும் காயில் போய்விட்டதா?

காட்பாடி மெக்கானிக்:
காயிலுக்கு இப்போதே செலவு பண்ணாதீர்கள் தம்பி. ஒயரின் வெட்டிய முனையைப் பாருங்கள். நடுவில் செம்புக் கம்பி இருக்கிறதா, கறுப்பு நூலா? காயிலில் ஒயர் எப்படிச் சேருகிறது?

ஒடுகத்தூர் விவசாயி:
கறுப்பு நூல்தான் அண்ணா. தேய்த்தால் விரலில் கரி ஒட்டுகிறது. காயிலில் ஒயர் போகும் ஓட்டையின் அடியில் கூரான ஸ்க்ரூ ஒன்று நிற்கிறது.

காட்பாடி மெக்கானிக்:
அப்போ கோளாறு அங்கேதான். ரேடியோவில் இரைச்சல் வராமல் இருக்கக் கார்களுக்குச் செய்த ஒயர் அது. அதன் ரெசிஸ்டன்ஸ் பல ஆயிரம் ஓம் இருக்கும், ஆனால் பொறி விட்டு விட்டு வருவதற்கு அது மட்டும் காரணம் இல்லை. உங்கள் காயிலின் ஸ்க்ரூ செம்பு இழைகளுக்குள் திருகிப் பிடிக்க வேண்டியது. கரி நூலில் ஏறினால் நூல் பிய்ந்துவிடும். ஒருமுறை தொடும், ஒருமுறை தொடாது. மேக்னெட்டோவில் கயிறு இழுக்கும் வேகத்துக்குத்தான் வோல்டேஜ் பிறக்கிறது. அந்தக் கொஞ்சத்தையும் வழியில் தொலைக்கக் கூடாது.

ஸ்பேர்ஸ் கடையில் 7 மி.மீ. காப்பர் கோர் பிளக் ஒயர் என்று கேளுங்கள். சிலிக்கான் உறை போட்டது கிடைத்தால் நல்லது, சூட்டுக்கு வெடிக்காது. பழைய ஒயரின் நீளமே போதும், அதிர்வுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். காயில் பக்க முனையைப் புது பிளேடால் நேராக, ஒரே வெட்டாக வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் ஸ்க்ரூ நடுவில் ஏறாமல் உறைக்குள் போய்விடும். பழைய ரப்பர் மூடி நன்றாக இருந்தால் முதலில் அதை ஒயரில் கோத்துக்கொண்டு, ஒயரை வலப்பக்கமாகத் திருகி ஏற்றுங்கள். இறுகியபின் மெல்ல இழுத்தால் வரக் கூடாது.

பிளக் பக்கம் திருகும் கேப் என்றால் அதே முறைதான். பித்தளை டெர்மினல் என்றால் உறையை 10 மி.மீ. சீவி, இழைகளை முறுக்கி, உறைமேல் மடக்கி, டெர்மினலை இறுக்குங்கள். ஒரு சொட்டு ஈயமும் வைத்தால் அதிர்வில் கழலாது.

குடியாத்தம்:
ஒரு சந்தேகம். வீட்டு ஒயரிங் ஒயரும் செம்புதானே? அதையே ரப்பர் ட்யூபுக்குள் நுழைத்துப் போட்டால் ஆகாதா?

காட்பாடி மெக்கானிக்:
வேண்டாம். அந்த ஒயர்மேலேயே 1100 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். பிளக்குக்குப் போவது பத்தாயிரத்துக்கும் மேல். செம்பு தாங்கும், உறை தாங்காது. பொறி பிளக்குக்குப் போகாமல் எஞ்சின் பாடிக்குத் தாவும், நடுவில் உங்கள் கை இருந்தால் கைக்கும்.

ஒடுகத்தூர் விவசாயி:
செம்பு ஒயர் கிடைத்தது, சொன்னபடியே செய்தேன். கேப்பைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் முனைக்கு முனை கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம். பொறி நீலமாக, டிக் டிக்கென்று விடாமல் வருகிறது. இருட்டில் ஓட்டிப் பார்த்தேன், ஒயர் நெடுக எங்கேயும் வெளிச்சம் கசியவில்லை. ஆனால் நன்றாகச் சூடேறியபின் இருமி இருமி நின்றுவிடுகிறது. ஆறினால் மறுபடி கிளம்புகிறது.

காட்பாடி மெக்கானிக்:
நல்ல வேலை. ஒயர் கதை முடிந்தது, இது வேறு. ஃப்ளைவீல் ஜன்னல் வழியாக பாயிண்ட்டை, அதாவது காயில் கரண்டைத் துண்டித்துப் பொறியை வரவைக்கும் சுவிட்சைப் பாருங்கள். ஓடும்போது அதில் பெரிதாக மஞ்சள் பொறி அடித்தால், அந்தப் பொறியை அடக்க வைத்திருக்கும் கண்டன்ஸரை மாற்றுங்கள், அது மலிவு. பாயிண்ட் முகத்தைச் சுத்தம் பண்ணி, இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வையுங்கள். பிளக்கில் 0.5 மி.மீ. போதும், இதற்கு மேல் விரித்தால் இழுப்பு வேகத்தில் பொறி தாண்டாது. அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் சூட்டில் காயில் விடுகிறதா என்று பார்க்கணும்.

சோதிக்கும்போது ஒயரை அந்தரத்தில் விட்டுக் கயிறு இழுக்காதீர்கள். போக வழி இல்லாத வோல்டேஜ் காயிலின் உள் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். எப்போதும் பிளக் உடம்பு ஹெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும், பெட்ரோல் கேன் தள்ளி இருக்கட்டும்.

ஒடுகத்தூர் விவசாயி:
மஞ்சள் பொறி தெரிகிறது அண்ணா. நாளைக்கே கண்டன்ஸர் வாங்கி மாற்றுகிறேன்.

குடியாத்தம்:
ஒயர் சைலன்சரிலோ சிலிண்டர் றெக்கையிலோ உரசாதபடி ஒரு கிளிப் போட்டுக் கட்டிவிடுங்கள். எங்கள் மருந்தடிக்கும் மெஷினில் ஒயர் போனது அந்த உரசலில்தான்.