மேய்ச்சல் புல்லில் பழுப்புப் பூச்சி, இறக்கையில் வெள்ளைக் கோடு: என்னது?

புல்மேடு: அவசரம். புல்லில் கால் வைத்தால் கூட்டமாக எழும்பி, நாலடி தள்ளிப் போய் உட்காருகிறது. புல்லைத் தின்றுவிடுமா? மருந்து அடிக்கலாமா? நாளைக் காலையில் மாட்டை விடணும்.

செல்வி: எந்த ஊர் அண்ணா? எவ்வளவு பெரிசு? உட்காரும்போது இறக்கையை விரிக்குமா, மடிக்குமா? படம் போடுங்கள்.

சித்தூர் நெல்: இலைச்சுருட்டுப் பூச்சிதான். நெல் அறுத்ததும் புல்லுக்கு வந்துவிடும்.

வரப்போரம்: எனக்கென்னவோ வெள்ளரிக்கு வரும் அந்துப்பூச்சி மாதிரித் தெரிகிறது. பக்கத்தில் பந்தல் இருக்கிறதா?

பூச்சி நோட்டு: கேள்வியை முழுசாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள். இலைச்சுருட்டு வைக்கோல் நிறம், அதில் கறுப்புக் கோடு. வெள்ளரிப் பூச்சிக்கு இறக்கை வெள்ளை, ஓரம்தான் பழுப்பு. எத்தனை தடவை எழுதுவது?

வரப்போரம்: எங்கள் அம்மா இதையெல்லாம் விட்டில் என்றுதான் சொல்வார்.

பூச்சி நோட்டு: விட்டில் என்று எழுதாதீர்கள். அந்துப்பூச்சி என்பதே சரி.

வரப்போரம்: விளக்கில் விழுவதை விட்டில் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

சித்தூர் நெல்: எங்கள் பக்கம் குழப்பம்தான் வரும். மலையாளத்தில் விட்டில் என்றால் வெட்டுக்கிளி. கடையில் விட்டில் என்று கேட்டு, வெட்டுக்கிளி மருந்தோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.

புல்மேடு: மன்னிக்கணும், இப்போதுதான் பார்த்தேன். கொழிஞ்சாம்பாறை. கட்டைவிரல் நகம் அளவு. விரித்துத்தான் உட்காருகிறது. வரப்பு முழுக்கச் சாரணைக் களை, பக்கத்துப் பாத்தியில் தண்டுக்கீரை.

பூச்சி நோட்டு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஸ்போலாடியா ரிகர்வாலிஸ் என்ற அந்துப்பூச்சி. 1775-இல் ஃபாப்ரீசியஸ் என்ற பூச்சியியலாளர் விவரித்தது. இறக்கையை விரித்தால் 22, 24 மில்லிமீட்டர் இருக்கும். புழு கீரையையும் சாரணையையும் தின்னும், புல்லைத் தின்னாது. பூச்சி பகலில் புல்லுக்குள் ஒதுங்குகிறது, அவ்வளவுதான்.

செல்வி: ஹைமீனியா பெர்ஸ்பெக்டாலிஸும் இதே மாதிரிதானே இருக்கும்? அதற்கு வெள்ளைப் பட்டை மெலிசு, சின்னப் புள்ளிகள் கூடுதல். அதுவும் கீரைக்கு வரும். முன், பின் இறக்கை இரண்டும் தெரிகிற மாதிரி மேலிருந்து ஒரு படம் வேண்டும். எதுவாக இருந்தாலும் மேய்ச்சல் புல்லில் மருந்து அடிக்காதீர்கள் அண்ணா. மாட்டுக்குள் போனது பாலிலும் வரும். கீரைப் பாத்தியைப் பாருங்கள், இலைகள் நூலால் ஒட்டியிருந்தால் உள்ளே புழு இருக்கும். அந்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, சாரணையையும் பிடுங்கிவிடுங்கள்.

புல்மேடு: இருந்தது. பச்சைப் புழு. கிள்ளிப் போட்டாச்சு. மருந்து அடிக்கவில்லை. மாட்டை விட்டுவிட்டேன், நன்றி.

செல்வி: படம் அண்ணா? பட்டை அகலமா, மெலிசா?

பூச்சி நோட்டு: பின் இறக்கையும் தெரியணும்.