டாம் புக்கானனுக்குத் தெரியுமா, தெரியாதா?

நூலகத்து எலி:
'தி கிரேட் கேட்ஸ்பி' நாவலைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "டாம் புக்கானன் வில்லனே இல்லை. கடைசியில் அவன் சொன்னது உண்மை." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் டெய்சிக்கு 3,50,000 டாலர் முத்துமாலையைக் கொடுத்துவிட்டு, சில மாதங்களுக்குள் சாண்டா பார்பராவில் ஓட்டல் பணிப்பெண்ணோடு காரில் போய் விபத்தில் சிக்கிப் பத்திரிகையில் வந்தவன் அவன். டெய்சியின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள் என்பதற்காக தன் கள்ளக்காதலி மிர்ட்டிலின் மூக்கை உடைத்தவன். அந்த மிர்ட்டிலை மோதிக் கொன்றது டெய்சியின் காதலன் கேட்ஸ்பியின் கார், ஆனால் அதை ஓட்டியது டெய்சி. அது டாமுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மிர்ட்டிலின் கணவன் வில்சனிடம் கேட்ஸ்பியின் பெயரைச் சொன்னான். வில்சன் நேரே போய் கேட்ஸ்பியைச் சுட்டான்.

கரிசல்காட்டான்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. டாம் உத்தமன் என்று நான் எங்கே எழுதினேன்? "அது டாமுக்குத் தெரியும்" என்கிறீர்களே, எந்தப் பக்கத்தில் இருக்கிறது? விபத்து நடந்த இரவு வீடு திரும்பும் வழியில் டாம் கண்ணீர் விடுகிறான். கோழைப் பயல், காரை நிறுத்தக்கூட இல்லை என்று கேட்ஸ்பியைத்தான் திட்டுகிறான். பக்கத்தில் கதைசொல்லி நிக் இருக்கிறான். அந்த அழுகை நடிப்பா?

நூலகத்து எலி:
அது சமையலறைக் காட்சிக்கு முன்னால் நடந்தது! வீட்டுக்கு வந்த பிறகு டாமும் டெய்சியும் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஆறிய வறுத்த கோழி, இரண்டு பாட்டில் பீர். அவன் கை அவள் கை மேல் இருக்கிறது. இருவரும் கூடிச் சதி செய்கிறார்கள் என்றே தோன்றும் என்று நிக் சொல்கிறான். என்ன சதி? சமையல் குறிப்பா பேசினார்கள்?

கரிசல்காட்டான்:
அந்தக் காட்சியை மறுபடி படியுங்கள். பேசுவது டாம். டெய்சி அவ்வப்போது நிமிர்ந்து தலையை மட்டும் ஆட்டுகிறாள். உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியவள் அவள். அவளோ வாய் திறக்கவில்லை. நிக் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறான், ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழவில்லை. நீங்கள் மட்டும் எப்படிக் கேட்டீர்கள்?

செம்பருத்தி:
இருவரும் டாமையே பிடித்துத் தொங்குகிறீர்கள். காரை ஓட்டியவள் டெய்சி. கேட்ஸ்பியின் இறுதிச் சடங்குக்கு அவள் ஒரு பூக்கூட அனுப்பவில்லை. அவளை யாராவது கேட்டீர்களா?

நூலகத்து எலி:
டெய்சியைப் பற்றித் தனியாகப் பேசலாம் அம்மா. கரிசலாருக்கு: நிக் பார்த்தது சில நிமிடங்கள்தான். அதற்கு முன்னால் டெய்சி சொல்லி முடித்திருக்கலாம். மறுநாள் மதியத்துக்குள் இருவரும் பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடுகிறார்கள், விலாசம்கூட வைக்காமல். ஒன்றும் தெரியாதவன் ஏன் ஓட வேண்டும்?

கரிசல்காட்டான்:
காதலி செத்துவிட்டாள், அவள் கணவன் துப்பாக்கியோடு மாடிப்படி ஏறப் பார்க்கிறான். யார்தான் ஓட மாட்டார்கள்? "தெரிந்திருக்கலாம்" என்பது வேறு, "தெரியும்" என்பது வேறு. போன வருடம் ரஷ்ய நாவல் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள். பாதிப் புத்தகத்தைப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினீர்கள்.

நூலகத்து எலி:
பாதிப் புத்தகமா? கேட்ஸ்பியை ஏழு முறை படித்தவன் நான். அன்று நூலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை அப்போதே விளக்கிவிட்டேன். சரி, கடைசி அத்தியாயத்துக்கு வாருங்கள். அக்டோபர் கடைசி, ஐந்தாவது அவென்யூ. வில்சனைப் பற்றி நிக்கிடம், "நான் அவனிடம் உண்மையைச் சொன்னேன்" என்கிறான் டாம். அது உண்மையல்ல, ஆனால் அதைச் சொல்ல முடியவில்லை என்கிறான் நிக். போதுமா?

கரிசல்காட்டான்:
போதாது. அது உண்மையல்ல என்பது நிக்குக்குத் தெரியும். டாமுக்குத் தெரியும் என்று அங்கேயும் இல்லை. தெரியாதவனிடம்தானே "சொல்ல முடியவில்லை" என்று ஒருவன் தவிப்பான்? கார் கேட்ஸ்பியுடையது என்று டாம் சொன்னான். கார் கேட்ஸ்பியுடையதுதான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பிகளே, இந்தப் பக்கத்துக்கு அடுத்து வரும் புகழ்பெற்ற வாக்கியம், டாமும் டெய்சியும் பொறுப்பற்றவர்கள், பொருள்களையும் உயிர்களையும் நொறுக்கிவிட்டுத் தங்கள் பணத்துக்குள் பதுங்கிக்கொள்வார்கள் என்பது. வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

செம்பருத்தி:
மூலத்தில் உள்ள "careless" என்ற சொல்லுக்குப் "பொறுப்பற்றவர்கள்" தவறு ஐயா. "அக்கறையற்றவர்கள்" என்றிருக்க வேண்டும். பொறுப்பு வேறு, அக்கறை வேறு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவனுக்கு இதை விளக்க வேண்டாம் அம்மா. அக்கறையில்லாதவன் சும்மா இருப்பான். இவர்கள் நொறுக்குகிறார்கள், குப்பையை அள்ள அடுத்தவர்களை விட்டுவிடுகிறார்கள்.

செம்பருத்தி:
முப்பது வருடமாகத் தவறாகவே கற்பித்திருந்தால்?

நூலகத்து எலி:
மொழிபெயர்ப்பு வேறு இழையில் நடக்கட்டும். நான் சமையலறையை விடப்போவதில்லை. மிர்ட்டில் நாய்க்குட்டி கேட்டபோது அதிக விலை சொன்ன கிழவரிடம் பத்து டாலரை நீட்டி, "போய் இன்னும் பத்து நாய் வாங்கிக்கொள்" என்றவன் டாம். வில்சனிடம் காரை விற்கிறேன், விற்கிறேன் என்று இழுத்தடித்துக்கொண்டே அவன் மனைவியை வைத்திருந்தவன். வெள்ளை இனம் மூழ்கிவிடும் என்று விருந்து மேசையில் பயம் காட்டியவன். இப்படிப்பட்டவன் சமையலறையில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் பொருள்.

கரிசல்காட்டான்:
கெட்டவன் என்பதற்கு நீங்கள் தந்த பட்டியல் நீளம்தான். தெரியும் என்பதற்கு ஒரு வரிகூட அதில் இல்லை. அந்தக் கோழித் துண்டைத் தவிர உங்களிடம் வேறு சாட்சி உண்டா?

நூலகத்து எலி:
கோழியை அவர்கள் தொடவே இல்லை. அதைக்கூடக் கவனிக்காதவரிடம் என்ன பேசுவது? இன்று இரவு ஏழாம் அத்தியாயத்தை வரிவரியாக இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு வாருங்கள்.

கரிசல்காட்டான்:
எழுதுங்கள். டெய்சி வாய் திறக்கும் வரி வந்ததும் எனக்குச் சொல்லுங்கள்.