சர்க்கஸில் சிங்கம் இல்லையென்றால் யார் போவார்கள்?

கடலூர்க்காரன்: மஞ்சக்குப்பம் மைதானத்தில் சின்ன வயதில் சர்க்கஸ் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? போன வாரம் பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு சர்க்கஸுக்குப் போனேன், நாயும் கிளியும்தான், "சிங்கம் எப்பப்பா வரும்" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தான். சர்க்கஸில் சிங்கம், புலியை அடியோடு தடை செய்தது சரிதானா?

வில்லியனூர் அக்கா: தம்பி, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஐந்தையும் வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998லேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டு 2000இல் கேரள உயர் நீதிமன்றத்திலும் 2001இல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். எண்பதுகளில் நான் கூடாரத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன். புலி திரும்பக்கூட இடமில்லாத கூண்டு, மூத்திர வாடை, கம்பியில் உரசி உரசி மூக்கெல்லாம் புண். அன்றோடு சர்க்கஸ் ஆசை போச்சு.

கடலூர்க்காரன்: யானையை விட்டுவிட்டீர்களே அக்கா?

முத்தியால்பேட்டையான்: அந்தப் பட்டியலில் யானை இல்லை, அதனால் அப்புறமும் ரொம்ப நாள் ஸ்டூலில் ஏறி நின்றுகொண்டிருந்தது. நம்ம புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் நடைப்பயிற்சியில் சரிந்து விழுந்து இறந்தபோது ஊரே அழுதது, நானும்தான். ஆனால் காசு நீட்டி ஆசீர்வாதம் வாங்கியதும் நாம்தானே?

கடலூர்க்காரன்: அதுவும் சரிதான். பையனிடம் வண்டலூர் போகலாம் என்று சொல்லிவிட்டேன்.