வெள்ளமும் அம்மன் கோபமும்: அண்ணாச்சி மடலுக்குப் பதில்

அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றி நம்ம ஊர்ச் சங்கக் குழுவில் மூத்த அண்ணாச்சி எழுதிய மடலை வாசித்தேன். ஊரில் ஒழுக்கம் கெட்டுவிட்டது, பிள்ளைகள் சாதி விட்டுச் சாதி கல்யாணம் முடிக்கிறார்கள், அம்மன் பொறுத்துப் பார்த்துத்தான் ஊரைத் தண்ணீரில் தள்ளினாள், சங்கப் பணத்தில் பரிகார பூசை போட வேண்டும் என்கிறீர்கள். நானும் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தவறாமல் வரி கொடுக்கிறவன், அம்மனைக் கும்பிடுகிறவன். அதனாலேயே பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பேச்சு நம்ம திருநெல்வேலிக்குப் புதிதல்ல. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. முங்கேர் நகரம் தரைமட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தீண்டாமை ஒழிப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த காந்தி அப்போது நம்ம பக்கம் இருந்தார். 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, என்னை மூடநம்பிக்கைக்காரன் என்றாலும் சரி, தீண்டாமை என்ற நம் பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனைதான் இந்த நிலநடுக்கம் என்றார்.

தாகூர் அதைக் கேட்டுப் பதறிவிட்டார். தீண்டாமை விஷயத்தில் அவரும் காந்தி பக்கம்தான். ஆனால் பூமி அதிர்வதற்குக் காரணம் பூமிக்குள்தான் இருக்கிறது, மனிதனின் பாவ புண்ணியத்தில் இல்லை என்று எழுதினார். இன்னொன்றும் சொன்னார்: இப்படிப் பேச ஆரம்பித்தால், உங்கள் இயக்கத்தால்தான் இந்த அழிவு வந்தது என்று எதிர்த்தரப்பும் சொல்லலாமே! காந்தி அந்த மறுப்பைத் தன் ‘ஹரிஜன்’ இதழிலேயே போட்டார், தன் நம்பிக்கையையும் விடவில்லை.

தாகூர் பயந்ததைத்தான் அண்ணாச்சி மடலில் பார்க்கிறேன். அன்றைக்குச் சாதி பிரித்ததற்குத் தண்டனை என்றார்கள், இன்றைக்குச் சாதி கலந்ததற்குத் தண்டனை என்கிறோம். சாமி இரண்டு தீர்ப்பையும் எழுதியிருக்க முடியாது. ஆனாலும் காந்தியிடம் ஒரு நியாயம் இருந்தது. ‘நம் பாவம்’ என்று தன்னையும் சேர்த்துச் சொன்னார், ஏதோ ஒரு வீட்டுப் பெண்பிள்ளையைக் கைகாட்டவில்லை.

வெள்ளத்துக்கு வருவோம். குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சியால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நம்ம மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்யும் மழையைவிட அது அதிகம். குளம் உடைந்தது, தாமிரபரணி கரை கொள்ளாமல் போனது. நம்மூரில் குளம் நிரம்பி வழிகிற தண்ணீர் போகும் மறுகால் ஓடையை மறித்துச் சுவர் எழுப்பியது யார் என்று எல்லோருக்கும் தெரியும், மடலில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் புகுந்ததோ கீழத்தெருவின் மண்சுவர் வீடுகளில். நீங்கள் பாவம் செய்ததாகச் சொல்கிற பிள்ளை அன்று பெங்களூரில் இருந்தது. அவளுக்காகக் கீழத்தெருக் கிழவியின் ஆட்டை அம்மன் அடித்துக்கொண்டு போவாளா?

காலம் கெட்டுவிட்டது என்கிறீர்கள். அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் தவித்தபோது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் தங்கள் ஊரும் வெள்ளத்தில் கிடக்க, அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். யார் என்ன சாதி என்று கேட்கவில்லை. நம்மூரில் கழுத்தளவு தண்ணீரில் வயசானவர்களைத் தோளில் தூக்கி வந்ததும், எந்நேரமும் போனும் கையுமாகத் திரிகிறான்கள் என்று நாம் ஏசுகிற பையன்கள்தான்.

பூசை வேண்டுமென்றால் செய்வோம், ஊர் நல்லா இருக்கணும்னு செய்வோம். ‘ஒழுக்கக்கேட்டுக்குப் பரிகாரம்’ என்று நோட்டீஸ் அடித்தால் என் பங்கு வராது. ஐப்பசிக்குள் மறுகால் ஓடையை சர்வேயர் வைத்து அளந்து, தூர்வாருவதற்கு முதலில் பணம் ஒதுக்குங்கள், அதற்கு நான் இன்றே அனுப்புகிறேன்.

இன்னொன்று அண்ணாச்சி. அந்தப் பிள்ளையின் அம்மாவும் இந்தக் குழுவில்தான் இருக்கிறார்கள். உங்கள் மடலை அவர்களும் வாசித்திருப்பார்கள். மதினிக்கு நீங்களே ஒரு போன் போட்டுப் பேசுங்கள்.