சுவிஸ் சித்தப்பா தந்த வெள்ளை வைன் பழுதாகிவிட்டதா?

வெள்ளவத்தைப் பெடியன்:
வணக்கம். போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த சித்தப்பா திரும்பிப் போகும்போது இரண்டு போத்தல் வைன் தந்துவிட்டுப் போனார். ஒன்றில் ஃபாந்தான் என்றும் மற்றதில் பெத்தித் ஆர்வின் என்றும் போட்டிருக்கிறது, இரண்டும் வலே என்ற மாநிலத்தில் செய்தவை. அக்காவின் கலியாணத்துக்குத் திறக்கலாம் என்று அலுமாரிக்கு மேலே துணி சுற்றி வைத்திருந்தேன். கலியாணம் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போய்விட்டது, நேற்று பொறுக்க முடியாமல் ஃபாந்தானைத் திறந்துவிட்டேன். தக்கை இல்லை, சோடாப் போத்தல் மாதிரித் திருகு மூடி. ஊற்றினால் கிளாஸ் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி, நாக்கு நுனியில் சுருக்கென்கிறது. இனிப்புத் துளியும் இல்லை. நண்டுக்கறியோடு குடித்துப் பார்த்தேன், உறைப்புத்தான் இரண்டு மடங்கானது. பழுதாகிவிட்டதா, இல்லை சித்தப்பா மலிவானதைத் தலையில் கட்டிவிட்டாரா?

சியோன் குசினிக்காரன்:
தம்பி, சித்தப்பாவைத் திட்டாதீர்கள். நான் வலேயின் தலைநகர் சியோனில் பத்து வருடம் ரெஸ்டோரண்ட் குசினியில் நின்றவன், இப்போது கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். திருகு மூடி அங்கே சாதாரணம், நல்ல ஃபாந்தானுக்கும் அதுதான். ஷாஸ்லா என்ற திராட்சையில் செய்யும் வைனுக்கு வலேக்காரர் வைத்த பெயர்தான் ஃபாந்தான். பிளப்பது என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், பழத்தை விரலால் நசுக்கினால் சாறு பீறாமல் சதை பிளக்கும், தோட்டத்தில் நானே நசுக்கிப் பார்த்திருக்கிறேன். இந்தப் பழத்தில் புளிப்புக் குறைவு, சப்பென்று போகாமல் இருக்கக் கொஞ்சம் காபனீரொட்சைட்டை வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். உங்கள் நாக்கில் சுருக்கென்றது அதுதான். பிழை வேறு இடத்தில்: இது ஓரிரண்டு வருடத்துக்குள் குடித்து முடிக்கிற சாமான், கலியாணத்துக்குப் பூட்டி வைக்கிற சாமான் இல்லை. அங்கே வேலை முடிந்ததும் ஒரு டெசிலீட்டர் ஊற்றி நின்றபடியே குடிப்போம். உருக்கிய சீஸை அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுகிற ரக்லெட்டுக்கும் இதுதான்.

மட்டுநகரான்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். அல்ப்ஸ் என்றதும் பனியும் மழையும் என்று நினைக்கிறோம், ஆனால் சியோனில் வருடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான். கொழும்பில் இரண்டாயிரத்தைத் தாண்டும். இரண்டு பக்கமும் மலை மேகத்தை மறிக்கிறது, மிச்சத்தை மலையிலிருந்து இறங்குகிற சூடான வரண்ட காற்று காய்ச்சிவிடுகிறது. எங்கள் கச்சான் காற்றும் அதே சாதிதான், மலைநாட்டைத் தாண்டி மட்டக்களப்புக்கு இறங்கும்போது உடம்பே எரியும். அதனால் அந்த ஊர்க்காரர் பனிமலைத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி, பாறை ஓரமாகக் கொண்டுவந்து தோட்டத்துக்குப் பாய்ச்சினார்கள். வலேயின் விஸ்பர்டெர்மினனில் 1,100 மீட்டர் உயரம் வரை திராட்சை இருக்கிறது. குளத்துத் தண்ணீருக்கு முறை பார்த்துச் சண்டை பிடித்த குடும்பம் எங்களுடையது, அதனால்தான் இதில் இவ்வளவு ஆசை.

தெகிவளை அக்கா:
எல்லோரும் வரலாறு சொல்கிறீர்கள், பிள்ளையின் அலுமாரியை ஒருவரும் கேட்கவில்லை! கொழும்பு வீட்டில் அலுமாரிக்கு மேலே முப்பது பாகைக்குக் குறையாது, அங்கே ஒரு வருடம் இருந்தால் எந்த வெள்ளை வைனும் களைத்துப்போகும். மற்றதை இன்றைக்கே ஃபிரிட்ஜில் வையுங்கள். பெத்தித் ஆர்வின் புளிப்புக் கூடின பழம், தோடைக்குத் தம்பி மாதிரிக் கசப்பும் முடிவில் உப்புக் கரிப்பும் இருக்கும், குளிரில் வைத்தால் ஃபாந்தானை விட நன்றாகத் தாங்கும். ஆனால் லேபிளில் ஃபிளெத்ரி என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொடியிலேயே வாடவிட்டுப் பறித்த பழம், அது இனிப்பு வைன். அப்புறம், நண்டுக்கறியோடா குடித்தீர்கள்? மிளகாய் உறைப்பை மதுசாரம் ஏற்றிவிடும். மீன் சொதி, இடியப்பம், உறைப்பில்லாத இறால் பொரியல் என்று வையுங்கள். எட்டுப் பத்துப் பாகைக் குளிர் போதும், ஐஸ் கட்டி போட்டீர்கள் என்றால் நான் பதில் எழுத மாட்டேன்.

வெள்ளவத்தைப் பெடியன்:
நன்றி அக்கா, அண்ணாமார். ஐஸ் போட்டேன் என்று இப்போது சொல்லத் தேவையில்லைதானே. மிச்ச ஃபாந்தானை இன்றைக்கு விளைமீன் சொதியோடு குடித்தோம், சுருக்கென்றது பாதி குறைந்துவிட்டது, ஆனால் தேங்காய்ப்பாலின் கொழுப்பை ஒவ்வொரு வாய்க்கும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அப்பாவே இரண்டாம் தரம் கேட்டார். லேபிளில் ஃபிளெத்ரி இல்லை. போத்தலை ஃபிரிட்ஜில் வைத்தால் அம்மா தோசை மாவுக்கு இடம் இல்லை என்று வெளியே எடுக்கிறார், அந்தச் சண்டை ஓடுகிறது. சித்தப்பாவுக்கு வட்ஸ்அப்பில் படம் போட்டேன். “அதை இன்னும் குடிக்கவில்லையாடா?” என்று கேட்கிறார்.